புல் வெட்டிய பில்

கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரியின் பில்லை முழுசாகப் படிக்கிறவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? பதினோரு வருஷமாக இங்கிலாந்தில் வரி கட்டினேன், ஒரு தடவைகூடப் படித்ததில்லை. மொத்தம் எவ்வளவு, பத்துத் தவணையா பன்னிரண்டா என்று பார்ப்பதோடு சரி. கவுண்டி, டிஸ்ட்ரிக்ட், போலீஸ், தீயணைப்பு என்று வரிசையாக வந்து, கடைசியில் வால் மாதிரி ஒரு வரி தொங்கும்: பாரிஷ் கவுன்சில், நம்மூர் ஊராட்சி மாதிரி. நாங்கள் இருக்கிற கிராமத்தில் அது வருஷத்துக்கு எழுபது பவுண்டுக்குள்தான். குடும்பத்தோடு ஒரு ராத்திரி தோசை சாப்பிடப் போனால் காலியாகிற காசு. 2023 மார்ச்சில் வந்த பில்லில் மற்ற வரிகளெல்லாம் அடக்கமாக ஏறியிருக்க, இந்த வால் மட்டும் 34 சதவீதம் ஏறியிருந்தது.

விசாரித்தேன். கவுண்டியும் டிஸ்ட்ரிக்டும் அரசு வைத்திருக்கும் வரம்பைத் தாண்டி வரியை ஏற்ற வேண்டுமென்றால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பாரிஷ் கவுன்சிலுக்கு அந்த வரம்பு கிடையாதாம். ஏழு பேர் கூடி, கை தூக்கி, எங்களுக்கு இவ்வளவு வேண்டும் என்று டிஸ்ட்ரிக்டுக்கு எழுதிக் கொடுத்தால் போதும், நம் பில்லில் ஏறிவிடும். அந்த ஏழு பேரையும் ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

போனில் அம்மாவிடம் பாரிஷ் மீட்டிங் போகிறேன் என்றேன். "நீ எப்படா சர்ச்சுக்குப் போக ஆரம்பிச்சே?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் பங்கு என்று சொல்வதுதான் பாரிஷ். இங்கேயும் ஊர்க் காரியங்களைச் சர்ச்சைச் சுற்றியிருந்த சபைதான் ரொம்ப காலம் பார்த்து வந்தது. 1894-இல் வந்த சட்டம்தான் அதைப் பிரித்து, தேர்ந்தெடுத்த கவுன்சில்களிடம் கொடுத்தது. இன்றைக்கு இங்கிலாந்தில் டவுன் கவுன்சில்களையும் சேர்த்துச் சுமார் பத்தாயிரம் இருக்கின்றன. கல்லறைத் தோட்டம், விளையாட்டுத் திடல், பஸ் ஸ்டாப் நிழற்குடை, பெஞ்சு, நாய் எச்சம் போடும் தொட்டி. எங்கள் கவுன்சிலின் ராஜ்ஜியம் இவ்வளவுதான்.

பாரிஷ் கவுன்சில் என்றாலே நம்மில் பலருக்கு ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊர்க் கவுன்சிலின் அந்த ஜூம் வீடியோதான் ஞாபகம் வரும். 2020 டிசம்பரில் நடந்த கூட்டம், 2021 பிப்ரவரியில் உலகமே பார்த்தது. "உங்களுக்கு இங்கே எந்த அதிகாரமும் இல்லை, ஜாக்கி வீவர்" என்று தலைவர் கத்த, கூட்டத்தை நடத்தித்தர வந்திருந்த அந்த அம்மா அசராமல் அவரைக் கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுவார். நானும் வாட்ஸப்பில் பத்துப் பேருக்கு அனுப்பிச் சிரித்தேன். அப்புறம் நடந்த விசாரணை, அவர் செய்தது புரிந்துகொள்ளக்கூடியதுதான், ஆனால் முறைப்படி அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொன்னது. கத்தின ஆள் அந்த ஒரு விஷயத்தில் சரி! அந்தப் பகுதியை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை, நானும்தான்.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் சத்தமே கிடையாது. வில்லேஜ் ஹால், செவ்வாய்க்கிழமை, மாலை ஏழரை. பொதுமக்கள் என்று போட்டிருந்த இடத்தில் நானும், நாயோடு வந்திருந்த ஒரு பெரியவரும். ஏழு கவுன்சிலர்களில் ஓட்டு வாங்கி வந்தவர் ஒருவருமில்லை. ஏழு இடத்துக்கு நாலு பேர்தான் மனு போட்டார்கள், போட்டியில்லாமல் ஜெயித்தார்கள். மீதி மூன்று பேரை அந்த நாலு பேரே சேர்த்துக்கொண்டார்கள். சட்டப்படி சரிதான். ஒன்பதாவது அயிட்டம், பணப் பட்டுவாடா. "பட்டியலைப் பார்த்தீர்களா? சரியா? சரி." ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கூட்டக் குறிப்பான மினிட்ஸில் "பட்டியல் ஏற்கப்பட்டது" என்று ஏறும், பட்டியல் மட்டும் அதோடு இருக்காது. வருஷத்துக்கு 25,000 பவுண்டுக்குள் வரவுசெலவு உள்ள கவுன்சில்கள், நூறு பவுண்டுக்கு மேல் போன செலவு ஒவ்வொன்றையும் இணையத்தில் போட வேண்டும் என்று 2015-லிருந்தே விதி இருக்கிறது. எங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் கடைசியாக ஏறியிருந்தது 2019 கிறிஸ்துமஸ் மரத்தின் போட்டோ.

உரிமைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. கவுன்சில் கூட்டங்களில் பொதுமக்களும் பத்திரிகைக்காரர்களும் உட்காரலாம் என்ற 1960-ஆம் வருஷச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் மார்கரெட் தாட்சர், அதுவும் நாடாளுமன்றத்தில் தன் கன்னிப் பேச்சிலேயே. அந்த அம்மாவின் அரசியல் எனக்குக் கொஞ்சமும் ஒட்டாது, இதில் மட்டும் கும்பிடு. 2014-லிருந்து கூட்டத்தைப் போனில் வீடியோ எடுக்கவும் செய்யலாம். எல்லாவற்றையும் விடப் பெரியது ஒன்று இருக்கிறது. வருஷத்தில் முப்பது வேலை நாட்கள், ஜூலையின் முதல் பத்து வேலை நாட்கள் கட்டாயம் அதில் அடங்க வேண்டும், கவுன்சிலின் கணக்கையும் பில்களையும் ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் போய்ப் பிரித்துப் பார்க்கலாம். இந்த அறிவிப்பு எங்கள் நோட்டீஸ் போர்டில், பூனையைக் காணோம் என்ற போஸ்டருக்குப் பின்னால் பாதி மறைந்து கிடந்தது.

கிளார்க்குக்கு மெயில் போட்டேன். அலுவலகம் என்று ஒன்று இல்லை, வீட்டுக்கு வரச் சொன்னார். சாப்பாட்டு மேஜையில் நாலைந்து தடித்த ஃபைல்கள், டீ, பிஸ்கட். வாரத்துக்கு எட்டு மணி நேரச் சம்பளத்தில் பதினைந்து மணி நேரம் உழைக்கிறவர். ஒன்பது வருஷத்தில் இதைப் பார்க்க வந்த முதல் ஆள் நான்தானாம். கோபமாகச் சொல்வாரோ என்று நினைத்தேன், இல்லை, கொஞ்சம் சந்தோஷமாகத்தான் சொன்னார்.

வரி ஏறிய காரணம் முதல் ஃபைலிலேயே கிடைத்தது. ஊஞ்சல் கம்பிகள் துருப்பிடித்து மாற்ற வேண்டியிருந்தது, கிளார்க்கின் நேரத்தையும் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். நியாயமான செலவு. நோட்டீஸ் போர்டில் நாலு வரி எழுதி ஒட்டியிருந்தால் நான் வீட்டிலேயே இருந்திருப்பேன்.

அதற்கு அடுத்த ஃபைலில்தான் அந்த பில். புல் வெட்டியது, இரண்டு முறை, தலா 145 பவுண்ட், ஆகஸ்ட் 2022. அந்தக் கோடையில் இங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஜூலை 19 அன்று இந்த நாட்டில் முதல் முறையாக வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. எங்கள் ஊர்த் திடல் வைக்கோல் போர் மாதிரி இருந்தது. என் பையன் அங்கே கால்பந்து ஆடிவிட்டு வந்தால் சட்டையெல்லாம் புழுதி. நடந்தால் காலடியில் சரக் சரக்கென்று சத்தம். அந்த ஆகஸ்டில் அங்கே வெட்டுவதற்கு என்ன இருந்தது?

பில்லில் இருந்த பேரை எனக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கவுன்சிலரின் மருமகன்.

அடுத்த கூட்டத்தில் பொதுமக்களுக்கு ஒதுக்கிய மூன்று நிமிஷத்தில் கேட்டேன். தலைவர் சிரித்துக்கொண்டே, "நல்ல பையன், சின்ன வயசிலிருந்தே தெரியும்" என்றார். கிளார்க்தான் முறையாகப் பதில் சொன்னார். வருஷத்துக்குப் பதினாறு வெட்டு என்று 2015-இல் பேசிய ஒப்பந்தம், மாதாமாதம் இத்தனை என்று பிரித்து பில் வருகிறது, வெட்டினாலும் வெட்டாவிட்டாலும். அதற்கப்புறம் வேறு யாரிடமும் விலை கேட்கவில்லை. மாமனார் ஒவ்வொரு மாதமும் அந்தப் பட்டியலுக்குக் கை தூக்கியிருக்கிறார்.

திருட்டு என்று நான் சொல்லவில்லை. ஒரு மழை வருஷத்தில் அந்தப் பையன் இருபது தடவைகூட வெட்டியிருக்கலாம். அதுவும் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை, அதுதான் பிரச்சினை. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் தெரிந்தவர்கள், ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. எந்தக் கிராமத்துக்கும் இந்த வியாதி உண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நான் பிறந்த ஊருக்கும்தான்.

தமிழன் கிராம நிர்வாகம் பேசினால் உத்திரமேரூரை இழுக்காமல் இருக்க மாட்டான், நானும் இழுத்துவிடுகிறேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது. அவனுடைய சொந்தக்காரர்களும் முடியாது. யார் யார் சொந்தம் என்று அண்ணன் தம்பியில் தொடங்கி மகளைக் கட்டிய மருமகன் வரை பட்டியலே போட்டிருக்கிறார்கள். அது நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களின் சபை, அதைப் போய் ஜனநாயகத்தின் தாய்வீடு என்று நான் கொண்டாட மாட்டேன். ஆனால் பணம் எந்த வழியாகப் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இங்கிலாந்தின் 2011 சட்டப்படி ஒரு கவுன்சிலர் கட்டாயம் வெளிப்படுத்த வேண்டியது தன்னுடைய, கணவன் அல்லது மனைவியுடைய, சேர்ந்து வாழ்கிற துணையுடைய பண நலன்களை மட்டும். அதை மறைத்தால் குற்றம். மருமகன் அதில் வரமாட்டார். தங்கள் நடத்தை விதிகளில் நெருங்கிய உறவினரையும் சேர்த்திருக்கும் கவுன்சில்கள் உண்டு. சரி, அந்த விதியை மீறினால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. கவுன்சிலர்களின் நடத்தையைக் கவனிக்க டிஸ்ட்ரிக்டில் இருக்கும் மானிட்டரிங் ஆபீசரிடம் புகார் கொடுக்கலாம். விசாரித்துத் தப்பு என்று முடிவானால், கண்டிக்கலாம், பயிற்சிக்குப் போகச் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம். ஒரு நாள்கூட சஸ்பெண்ட் செய்ய முடியாது, அந்த அதிகாரத்தை எடுத்ததும் இதே 2011 சட்டம்தான். மக்களின் புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி ஆம்புட்ஸ்மேன் பாரிஷ் கவுன்சில் புகார்களை எடுப்பதில்லை. வெளி ஆடிட்டரா? வரவும் செலவும் 25,000 பவுண்டுக்குள் இருந்தால், எங்களுக்கு அந்தப் பரிசோதனை வேண்டாம் என்று கவுன்சிலே தனக்கு விலக்குச் சான்றிதழ் எழுதிக்கொள்ளலாம். மிச்சம் உள்தணிக்கையாளர், அவரை நியமிப்பதும் கவுன்சில். தமிழ்நாட்டில் இதற்கு நேர் எதிர். 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் கலெக்டர் ஊராட்சித் தலைவரையே பதவியிலிருந்து இறக்க முடியும். மக்கள் தேர்ந்தெடுத்தவரை ஓர் அதிகாரி இறக்குவது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் யாராலும் எதுவும் செய்ய முடியாத நிலையும் லட்சணமாக இல்லை. சஸ்பெண்ட் செய்யும் அதிகாரத்தைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி 2024 டிசம்பரில் அரசு கருத்துக் கேட்டது. நானும் எழுதிப் போட்டேன்.

இங்கே நம் ஆட்கள் நிறையப் பேர் லண்டனை விட்டுக் கிராமப்பக்கம் வீடு வாங்கி வருகிறார்கள். பலர் நினைப்பது போல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்தால்தான் ஓட்டு என்பதில்லை. இந்தியரோ இலங்கையரோ, காமன்வெல்த் குடிமகன் என்ற முறையில் முறையான விசாவில் இருந்தாலே ஓட்டு உண்டு. நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருந்தால் கவுன்சிலராகவே நிற்கலாம். எங்கள் ஊரில் ஏழு இடத்துக்கு நாலு மனுதான் வந்தது என்று சொன்னேன் அல்லவா? "நீயே நில்லேன்" என்று என் மனைவி சொல்கிறாள். நின்றால் ஃபைலைக் கேட்கிற ஆள் ஒன்று குறைந்துவிடும் என்று நான் சொல்கிறேன். சோம்பேறித்தனம் என்கிறாள் அவள், இருக்கலாம்.

அடுத்த வசந்தத்தில் மூன்று பேரிடம் விலைப்புள்ளி கேட்டார்கள். அதே மருமகனுக்குத்தான் கிடைத்தது, ஒரு வெட்டுக்கு 15 பவுண்ட் குறைவாக. மாமனார் அந்த அயிட்டம் வந்தபோது எழுந்து வெளியே போய் நின்றார், கையில் கோட்டோடு, கண்ணாடிக் கதவு வழியாக நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மினிட்ஸோடு பணப் பட்டியலும் இணையதளத்தில் ஏறுகிறது. வெட்டிய தேதியையும் பில்லில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் போன அந்த 290 பவுண்டைப் பற்றி மட்டும் எந்த மினிட்ஸிலும் ஒரு வரி இல்லை.