கல்லை எடுத்துப்போடுவது யார் வேலை?

ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம் போனால் நம் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துச் சபைகளில் உயிர்த்தெழுதல் என்ற பேச்சே அடங்கிவிடுகிறது. அப்புறம் அது வருவது சாவு வீட்டில்தான். செத்தவர்களுக்கு மட்டும் உரிய ஆறுதலாக அதை ஒதுக்கிவிட்டோமே என்பது என் வருத்தம்.

யோவான் 11ஐ நிதானமாக வாசியுங்கள். செத்துக் கல்லறையில் கிடந்த லாசருவை எழுப்பியவர் இயேசு. ஆனால் கல்லறையை மூடிய கல்லை எடுத்துப்போடச் சொன்னது சுற்றி நின்ற சனத்திடம். சீலை சுற்றியபடி அவன் வெளியே வந்தபோது, "இவனைக் கட்டவிழ்த்து விடுங்கள்" என்றதும் அவர்களிடம்தான். (லாசரு பிறகு மறுபடி இறந்திருப்பான், கிறிஸ்துவின் உயிர்ப்பு அப்படியல்ல, தெரியும்.)

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஒருவர் குடியை விட்டுவிட்டார். ஒழுங்காகத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போகிறார், பிள்ளைகளின் படிப்பைப் பார்க்கிறார். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நிற்பவர்களோ இன்னும், "எத்தனை நாளைக்கு?" என்றே கேட்கிறார்கள். சபையில் ஒருநாளும் அவரை ஜெபிக்கச் சொன்னதில்லை. கர்த்தர் எழுப்பிவிட்ட மனுசனின் கட்டை நாம் இன்னும் அவிழ்க்கவில்லை.

2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதே, அதை மறக்க முடியுமா? தப்பியவர்களில் பல குடும்பங்கள் நெடுநாள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில்தான் கிடந்தன. அப்படிப்பட்டவர்களிடம் பரலோகத்தைப் பற்றிப் பேசுவது சரி. காணியைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் யார் பேசுவது? அது அரசியல், சபைக்கு வேண்டாம் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிறிஸ்து வெறும் ஆவியாக எழவில்லை. லூக்கா 24இல் சீஷருக்குக் கையையும் காலையும் காட்டுகிறார், பொரித்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறார். உடம்போடு எழுந்தவரை நம்புகிற நாம், மழை பெய்தால் தூங்க முடியாத உடம்புகளைப் பற்றிப் பேசாமல் இருப்பது எப்படி?

பவுலைப் பாருங்கள். 1 கொரிந்தியர் 15 முழுக்க உயிர்த்தெழுதல். "மரணமே! உன் கூர் எங்கே?" என்ற வசனத்தை நாம் கல்லறையில் எழுதுகிறோம். அடுத்து 16ஆம் அதிகாரத்தின் முதல் வசனமே எருசலேமுக்கான தர்மப்பணம்! வாரத்தின் முதல் நாள்தோறும், அதாவது ஆண்டவர் எழுந்த நாளில், அவனவன் எடுத்துவைக்க வேண்டும் என்கிறார். அதிகாரம் பிரித்ததெல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்து. பவுல் ஒரே மூச்சில் சொன்னதை நாம் பாதியில் ஆமென் சொல்லி மூடிவிடுகிறோம்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு காணிக்கையை, மண்சரிவு அபாயமுள்ள லயங்களில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒதுக்கும்படி எங்கள் போதகரிடம் கேட்டிருக்கிறேன். உங்கள் சபையிலும் கேளுங்கள். மழை தொடங்குமுன் கேளுங்கள்.