அக்னிவீரர்கள் ஊர் திரும்பும் முன்பே ஆய்வைத் தொடங்குங்கள்

இளைஞர்களைக் குறுகிய காலத்துக்கு 'அக்னிவீரர்'களாகப் படையில் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தின் முதல் அணி 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போனது. பணிக்காலம் 4 ஆண்டுகள். அதிகபட்சம் 25 சதவீதம் பேரைப் படை வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் பணி முடிவில் 'சேவா நிதி' என்று கிடைக்கும் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயோடு, இருபதுகளின் தொடக்கத்திலேயே முன்னாள் சிப்பாய்களாகி ஊருக்கு வந்துவிடுவார்கள். வேலை கிடைக்குமா, எந்தத் துறையில் ஒதுக்கீடு என்று எல்லோரும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் இந்தப் பிள்ளைகளும் இவர்களுடைய குடும்பங்களும் அடுத்த இருபது ஆண்டுகள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை யார் தொடர்ந்து கவனிக்கப் போகிறார்கள்? ஒரு பட்டாளத்துக்காரரின் மகளாகக் கேட்கிறேன். கோபத்தோடுதான் கேட்கிறேன்.

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் ஒரு பாடம். 1991 வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பலர் தீராத அசதி, மூட்டுவலி, மறதி என்று அவதிப்பட்டார்கள். அரசும் மருத்துவர்களும் வருடக்கணக்கில் விவாதித்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு நடத்திய பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தபோது 1999 ஆகிவிட்டது. போருக்கு முன் அந்த வீரர்களின் உடல்நிலையும் மனநிலையும் எப்படி இருந்தன என்று யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. எதோடு ஒப்பிடுவது?

அதனால்தான் 2003இல் ஈராக் போர் தொடங்கியபோது அதே கல்லூரி காத்திருக்கவில்லை. பாதுகாப்பு அமைச்சகம் நிதி கொடுத்தது, பல்கலைக்கழகம் ஆய்வு செய்தது, முடிவுகள் மருத்துவ இதழ்களில் எல்லோரும் படிக்கும்படி வெளிவந்தன. பத்தாயிரத்துக்கும் அதிகமானவர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களையே மீண்டும் மீண்டும் தேடிப்போய்க் கேட்டார்கள். 2018இல் வந்த முடிவைப் பாருங்கள். போர் அதிர்ச்சியால் வரும் மனநோயின் அறிகுறிகள் ஒட்டுமொத்தமாக 6 சதவீதம் பேரிடம் இருந்தன. ஆனால் ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ நேரடியாகப் போரிட்டு, பிறகு படையை விட்டு விலகியவர்களிடம் அது 17 சதவீதம். மொத்தச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த மனிதர்கள் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள்.

என்னை அதிகம் உலுக்கியது அதே குழு பிள்ளைகளைப் பற்றிச் செய்த ஆய்வுதான். அப்பா போர்முனைக்குப் போனதற்கும் பிள்ளைகளின் மனநலச் சிக்கல்களுக்கும் அவர்கள் தொடர்பு காணவில்லை. அப்பாவுக்குப் போர் அதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்த வீடுகளில்தான் பிள்ளைகளிடம் அமைதியின்மையும் துறுதுறுப்பும் கூடுதலாகத் தெரிந்தன. எல்லா ஊருக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இதைப் படித்த அன்று நான் என் தந்தையைத்தான் நினைத்தேன்.

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் 'பென்ஷன் வந்துவிட்டார்' என்பார்கள். அப்பா அப்படி வந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதுவரை நிலத்தைக் குத்தகைக்கு விடுவது, வங்கிக்குப் போவது, எங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் அம்மாதான். வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருகிற அப்பாவை எங்களுக்குத் தெரியும். நிரந்தரமாக வந்துவிட்ட அப்பாவைத் தெரியாது. பாத்திரம் விழுந்தால்கூட எரிந்து விழுவார். இரவில் வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். "மிலிட்டரிக்காரர் என்றால் அப்படித்தான்" என்று ஊர் சொல்லிவிட்டது. கேண்டீன் ரம் கிடைக்குமா என்று அப்பாவிடம் கேட்டு வந்த சொந்தக்காரர்கள் ஏராளம். நீ எப்படி இருக்கிறாய் என்று அம்மாவிடம் கேட்டவர் ஒருவரும் இல்லை.

அமெரிக்காவில் வியட்நாம் வீரர்களைப் பற்றிய தேசிய ஆய்வுக்கு நாடாளுமன்றமே 1983இல் உத்தரவிட்டது. போர் முடிந்து எட்டு ஆண்டுகள் கழித்து என்றாலும், அதில் மனைவிமாரையும் துணைவியரையும் தனியே சந்தித்துக் கேட்டார்கள். இங்கே எத்தனை அம்மாக்களிடம் எவர் கேட்டார்?

நம் விவாதம் எப்போதும் பென்ஷனில் தொடங்கி பென்ஷனில் முடிகிறது. 2003இல் வந்த முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும், பெரும் போராட்டத்துக்குப் பிறகு 2015இல் கிடைத்த 'ஒரே பதவி ஒரே பென்ஷன்' ஆணையும் பெரிய விஷயங்கள். அவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பணம் சேர்ந்த வீட்டில் தூக்கம் இருக்கிறதா என்று கணக்கு அலுவலகம் சொல்லாது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்று பெருமையாகச் சொல்கிறோம். வீட்டுக்கு ஒருவராவது படைக்குப் போன ஊர் அது. அங்கே நீண்டகால ஆய்வு நடத்த என்ன தடை? மனிதர்களைத் தலைமுறைக் கணக்கில் பின்தொடரும் கலை வேலூருக்குப் புதிதல்ல. 1969க்கும் 1973க்கும் இடையில் வேலூரிலும் கே.வி.குப்பம் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை, அவர்கள் நடுவயதை எட்டும் வரை சி.எம்.சி. ஆய்வாளர்கள் தேடிச்சென்று பரிசோதித்திருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் மனநல நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. ஆளும் அறிவும் இருக்கின்றன. முடிவெடுப்பவர்தான் வேண்டும்.

அக்னிவீரர்கள் விஷயத்தில் அவசரம் இன்னும் அதிகம். அவர்களுக்குப் பென்ஷன் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை, அதோடு வரும் மருத்துவத் திட்டமும் இல்லை. அந்தத் தகுதி இல்லாதவர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பதிவேட்டில் எப்படி வருவார்? பத்து ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வாளர் தேட நினைத்தால் எந்தப் பட்டியலைப் பிரிப்பார்? ஆனால் இதே திட்டம் ஒரு அரிய வாய்ப்பையும் தருகிறது. சேரும்போது திருமணம் ஆகியிருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே இப்போதே தொடங்கினால், மனைவி வரும் முன்பும் பிள்ளை பிறக்கும் முன்பும் அந்த இளைஞன் எப்படி இருந்தான் என்பது பதிவாகிவிடும். பிரிட்டன் 1991இல் தவறவிட்டது இதைத்தான்.

செய்ய வேண்டியது மலையளவு வேலையல்ல. படையை விட்டுப் போகும் நாளில், விருப்பமுள்ளவர்களிடம் ஒப்புதல் படிவமும் நிலையான முகவரியும் வாங்க வேண்டும். நிதியை அரசு தரட்டும், கேள்விகளும் முடிவுகளும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கட்டும். தனிப்பட்ட பதில் எதுவும் படைக்கோ, வேலை கொடுப்பவருக்கோ போகாது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். அது இல்லாமல் எந்தப் பிள்ளையும் வாய் திறக்கமாட்டான். இவர்களுக்குத் திருமணமானதும் மனைவியிடம் தனியாகப் பேச வேண்டும், கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அல்ல. அதுவரை அம்மாவிடம் கேளுங்கள். கேட்பவர் தமிழ் தெரிந்த பெண்ணாக இருக்கட்டும். நம் மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதைப் பாதுகாப்புத் துறை அமைச்சரிடம் எழுப்ப வேண்டும். என் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பட்டாளத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஒவ்வொருவரும் உங்கள் உறுப்பினருக்கு எழுதுங்கள்.