வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள்

"காசு கொடுத்து அக்கா தங்கச்சி வாங்கப் போறாளாம் உன் பொண்ணு" என்றார் என் வீட்டுக்காரர். மூன்று வருடத்துக்கு முன்னால், மகள் காலேஜில் சேர்ந்த இரண்டாவது வாரம். சொராரிட்டியில் (அமெரிக்கக் காலேஜ்களில் மாணவிகள் சேர்ந்து நடத்தும் சங்கம்) சேரப் போகிறேன், செமஸ்டருக்கு இவ்வளவு கட்டணம் என்று அவள் அனுப்பிய மெசேஜைப் படித்துவிட்டு அடித்த கமெண்ட் அது. நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹாலிவுட் படங்களில் பார்த்ததுதான். ஒரே மாதிரி டீ-ஷர்ட், ஒரே மாதிரி தலைமுடி, வாசலில் வரிசையாக நின்று கைதட்டிக் கத்துவது, அப்புறம் பார்ட்டி.

நேற்று இங்கே அமெரிக்காவில் எங்கள் ஊர்த் தமிழ் அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இதையே கேட்டார். "பொண்ணு சொராரிட்டியில சேரணும்கிறா, விடலாமா?" மளமளவென்று பதில்கள் விழுந்தன. குடிக்கப் பழகிவிடும். அதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு. ரெஸ்யூமேக்கு நல்லது. நானும் பதில் தட்ட ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனதால் இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

என் பதில் "விடுங்கள்" என்பதுதான். ஆனால் ஒரு பெரிய புகாரோடு.

நான் படித்தது தொண்ணூறுகளில், திருச்சியில், லேடீஸ் ஹாஸ்டலில். ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வெளியே போனால் இன்-அவுட் நோட்டில் கையெழுத்து, அப்பா கையெழுத்துப் போட்ட லோக்கல் கார்டியன் கார்டு. ஆறு பத்துக்கு வந்தால், "எங்கே ஊர் சுத்திட்டு வர்றே?" என்று வார்டன் தொடங்குவார். லைப்ரரி எட்டு மணி வரை திறந்திருக்கும், பையன்களுக்கு. எங்களுக்குப் பாதுகாப்பு என்றால் பூட்டு, அதன் சாவி இன்னொருவர் இடுப்பில். அந்த நினைப்போடுதான் மகளின் சாப்டர் வீட்டை, அதாவது அவள் காலேஜில் உள்ள சங்கக் கிளையின் வீட்டைப் பார்க்கப் போனேன்.

போவதற்கு முன் கொஞ்சம் படித்தும் வைத்தேன். பழக்கதோஷம். இந்தச் சங்கங்கள் ஆரம்பித்த கதை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இண்டியானாவில் ஆஸ்பரி என்றொரு கல்லூரி, இன்றைக்கு டிபா பல்கலைக்கழகம். 1867இல்தான் அங்கே பெண்களைச் சேர்த்தார்கள். முதலில் சேர்ந்த ஒரு சிலரில் பெட்டி லாக் என்ற பெண்ணும் உண்டு. பையன்கள் சங்கம் ஒன்று தங்கள் பேட்ஜை அணிந்துகொள்ளச் சொல்லி அவளைக் கேட்டது. முறைப்படி உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டால் அணிகிறேன் என்றாள். அது முடியாது என்று சொல்லி, சமாதானத்துக்கு ஒரு வெள்ளிக் கேக் கூடையைப் பரிசாகக் கொடுத்தார்களாம். கேக் கூடை! அவள் 1870 ஜனவரி 27 அன்று மூன்று தோழிகளோடு சேர்ந்து கப்பா ஆல்ஃபா தீட்டா என்று கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்து ஒரு பெண்கள் சங்கத்தைத் தொடங்கிவிட்டாள். "சொராரிட்டி" என்ற சொல்லே அப்போது கிடையாது. பிற்பாடு சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு லத்தீன் பேராசிரியர் காமா ஃபை பீட்டா என்ற சங்கத்துப் பெண்களுக்காக உருவாக்கிக் கொடுத்தது. லத்தீனில் சொரார் என்றால் உடன்பிறந்தாள்.

கறுப்பினப் பெண்களின் கதை இன்னும் காத்திரமானது. 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. கமலா ஹாரிஸ் படிக்கும்போது சேர்ந்தது அதில்தான். 1913 ஜனவரியில் அதே ஹோவர்டில் 22 மாணவிகள் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 3 அன்று வாஷிங்டனில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு நடந்த ஊர்வலத்தில் போய் நடந்தார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. 1998இல் மட்டும் ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ என்று மூன்று தெற்காசியப் பெண்கள் சங்கங்கள் முளைத்தன. என் மகள் அதில் எதிலும் சேரவில்லை. 26 சங்கங்கள் சேர்ந்த நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸில் உள்ள ஒன்றில் சேர்ந்தாள். பெயர் வேண்டாம், நாளைக்கு என்னைத் திட்டுவாள்.

போன வருடம், அம்மாக்களைக் கூப்பிடும் மாம்ஸ் வீக்கெண்டுக்குப் போனேன். ஹோட்டலில் ரூம் போட்டிருந்தேன். சனிக்கிழமை ராத்திரி அவளுக்கு டியூட்டி என்றாள். என்ன டியூட்டி என்றதற்கு, "வந்து பாரும்மா" என்றாள்.

சாப்டர் வீட்டின் முன்கதவைத் திறந்ததும் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. தண்ணீர் பாட்டில்கள், சிப்ஸ், நான்கு போன் சார்ஜர்கள், லேமினேட் செய்த தாளில் அவசர எண்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் ஒரு காந்த வில்லை. யார் எங்கே போயிருக்கிறார்கள், யாரோடு, யார் கார் ஓட்டுகிறார்கள், திரும்பியாயிற்றா என்று நான்கு கட்டங்கள். பார்த்ததும் எனக்கு ஹாஸ்டல் இன்-அவுட் நோட்டு ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இதை எழுதுகிறவர்களும் அவர்களே, பார்க்கிறவர்களும் அவர்களே. ஹவுஸ் மாம் என்று வயதான அம்மா ஒருவர் அங்கேயே தங்கியிருக்கிறார். அவர் பதினோரு மணிக்கே குட்நைட் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று டியூட்டிக்கு நான்கு பேர். சோபர் சிஸ்டர்ஸ் என்று பெயர். அன்றைக்கு ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாது. இரண்டு பேர் பார்ட்டி நடக்கும் இடத்தில், இரண்டு பேர் இங்கே மேசையில். என் மகள் அந்த வருடம் ரிஸ்க் மேனேஜ்மென்ட், அதாவது ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் என்பதால் மேசையில் இருந்தாள். நான் கொண்டுபோன முறுக்கு டப்பா பன்னிரண்டு மணிக்குள் காலி.

ஒன்றே முக்காலுக்கு, பதினெட்டு வயது இருக்கும், ஒரு பெண்ணை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். செருப்பு கையில் இருந்தது. பெயர் கேட்டால் சொல்கிறாள், அடுத்த கேள்விக்குக் கண் சொருகுகிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. என் மகளோ பதறாமல், கீழ் அறையில் தரையில் மெத்தையைப் போட்டு, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மல்லாக்கப் புரண்டுவிடாமல் முதுகுக்குப் பின்னால் புத்தகப் பையை முட்டுக்கொடுத்தாள். புரண்டு வாந்தி எடுத்தால் மூச்சில் சிக்கிவிடுமாம். அப்புறம் போனில் ஒரு நிமிடம் வைத்து மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே போனாலோ உதடு நீலம் பாரித்தாலோ, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, நேராக அவசர உதவி எண் 911. "போலீஸ் வந்தா இவளுக்குப் பிரச்சினை ஆகாதா?" என்று கேட்டேன். பல மாநிலங்களில் மெடிக்கல் ஆம்னெஸ்டி சட்டம் இருக்கிறது, உதவி கேட்டுக் கூப்பிட்டால் 21 வயது ஆகாமல் குடித்ததற்குக் கேஸ் போடமாட்டார்கள், அது தெரியாமல் பயந்து கூப்பிடாமல் விடுவதுதான் ஆபத்து என்றாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அன்று 911 தேவைப்படவில்லை. விடியும்வரை மாற்றி மாற்றி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் முறையும் வந்தது, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வேதியியல் வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கவே கூச்சப்பட்ட பிள்ளை இவள். தலைமைப் பண்பு, தலைமைப் பண்பு என்று சாப்டர் அனுப்பும் காகிதங்களில் எல்லாம் எழுதியிருப்பார்கள், நான் நம்பியதில்லை. அது இருந்த இடம் அந்த மெத்தைக்குப் பக்கம். ஞாயிறு இரவு சாப்டர் மீட்டிங்கிலும்தான். தீர்மானம் முன்மொழி, வழிமொழி, பேச நேரம் கேள், ஓட்டு எடு, தோற்றால் பொத்திக்கொண்டு உட்கார். நூறு பேர் வீட்டின் சாப்பாட்டுக் கணக்கு, பிளம்பர் பில், கட்டணம் கட்டாத தோழியிடம் போய்க் கேட்பது. நம் ஊரில் கூட்டுக்குடும்பத்து மூத்த மருமகளுக்குக் கிடைக்கும் பயிற்சிதான், இங்கே சம்பளமும் இல்லை ஏச்சும் இல்லை.

அக்கா தங்கச்சி விஷயம்? இரண்டாம் வருடம் டிசம்பரில் என் மாமியார் திருநெல்வேலியில் இறந்துபோனார். மகளுக்கு மறுநாள் ஃபைனல் எக்ஸாம், போக முடியவில்லை. ஆச்சி வளர்த்த பிள்ளை அவள். அன்று இரவு வீடியோ காலில் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவளைச் சுற்றி ஏழு பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்ததை இந்தப் பக்கத்திலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் பார்த்தோம். ஒரு வார்த்தை புரியாது அவர்களுக்கு. சங்கு ஊதும்போது ஒருத்தி மட்டும் இது என்ன என்று மெதுவாகக் கேட்டாள். தேர் கிளம்பும் வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தக் "காசு கொடுத்து வாங்கிய" ஜோக் வரவில்லை.

இனி புகார்.

இத்தனை காவலும் யாரிடமிருந்து? பார்ட்டி நடப்பது பெண்கள் வீட்டில் இல்லை. அந்த 26 சங்கங்களின் வீடுகளிலும் பொதுவாக மதுவுக்கு இடமில்லை. இன்ஷூரன்ஸ் ஒரு காரணம், 21 வயதுக்குள் குடிக்கக் கூடாது என்ற சட்டம் ஒரு காரணம். (ஆறேழு பெண்கள் சேர்ந்து வசித்தால் விபசார விடுதி என்று ஏதோ பழைய சட்டம் இருப்பதாக ஒவ்வொரு காலேஜிலும் ஒரு கதை உலவும். அப்படியொரு சட்டம் இல்லை, வெறும் கதை.) ஆகவே பெண்கள் கிளம்பி ஃப்ரட்டர்னிட்டி, அதாவது பையன்கள் சங்கத்து வீட்டுக்குப் போகிறார்கள். வாசலில் யாரை விடுவது என்ற லிஸ்ட் பையன்கள் கையில். டம்ளரில் என்ன கலந்திருக்கிறது என்பது பையன்களுக்குத் தெரியும். மாடியறைச் சாவி பையன்களிடம். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான மாதங்களை இங்கே ரெட் ஸோன் என்பார்கள். கல்லூரிகளில் நடக்கும் பாலியல் தாக்குதல்களில் பாதிக்கு மேல் அந்த நான்கு மாதத்தில்தான் என்று பாலியல் வன்முறைக்கு எதிராக வேலை செய்யும் ரெய்ன் அமைப்பு சொல்கிறது. புதுப் பிள்ளைகள் ஊர் தெரியாமல் நடமாடும் காலம்.

அதற்குப் பெண்களுக்கு என்ன பயிற்சி? டம்ளரைக் கண்ணை விட்டு அகலவிடாதே. தனியாகப் போகாதே. தோழிக்கு லொக்கேஷன் அனுப்பு. எல்லாம் சரிதான், நானும் இதையேதான் சொல்வேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் என் வார்டன் சொன்னதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. அங்கே கேட்டுக்கு உள்ளே எங்களைப் பூட்டினார்கள். இங்கே சாவி வைத்திருப்பவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜாக்கிரதை ஜாக்கிரதை என்கிறார்கள்.

சிலர் இதை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். டார்ட்மத் கல்லூரியில் சிக்மா டெல்டா சங்கத்துப் பெண்கள் 1988இலேயே தேசியச் சங்கத்தை உதறிவிட்டுத் தனியாக நின்று, தங்கள் வீட்டில் தாங்களே பார்ட்டி நடத்துகிறார்கள். கதவும் அவர்களுடையது, டம்ளரும் அவர்களுடையது. நான் சாராயத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை, அம்மா பேசுகிறேன். எப்படியும் நடக்கப்போகிற பார்ட்டி என்றால் யார் வீட்டில் நடக்கிறது என்பது முக்கியம் என்று மட்டும் சொல்கிறேன். பெரும்பாலான ஆண்கள் சங்கங்கள் 2019 செப்டம்பரிலிருந்து வீடுகளில் 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள சரக்குக்குத் தடை விதித்தன, லைசென்ஸ் உள்ள வெளியாள் வந்து ஊற்றினால் ஒழிய. அதுவும் பென்ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சங்கத்தில் சேரும்போது குடிக்க வைக்கப்பட்ட டிமோத்தி பியாஸா போன்ற பிள்ளைகள் செத்த பிறகு. நம் ஊர் ராகிங்கும் அப்படித்தானே, பொன் நாவரசு போன பிறகுதான் 1997இல் சட்டம் வந்தது.

சேர்க்கும் விதமும் எனக்கு உறுத்தல்தான். ஒரு வாரம் ஒவ்வொரு சாப்டர் வீடாக நடந்து, சிரித்துப் பேசி வந்தால், ராத்திரி அந்த வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து உன் பெயரை வெட்டுவார்கள். கட்டணம் எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்களை வெள்ளையர் சொராரிட்டிகள் ஒதுக்கியது 2013இல் மாணவர் பத்திரிகை எழுதிய பிறகுதான் சந்திக்கு வந்தது. இதையும் உங்கள் பெண்ணிடம் சொல்லித்தான் அனுப்புங்கள்.

மகள் இப்போது நான்காம் வருடம். இந்த மாதம் சாப்டரில் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறாள். இனி பையன்கள் சங்கத்தோடு சேர்ந்து நடத்தும் எந்த நிகழ்ச்சியும் வாடகை ஹாலில்தான், லைசென்ஸ் உள்ள ஆள் அடையாள அட்டை பார்த்து ஊற்ற வேண்டும், போக வர பஸ், செலவு பாதிப்பாதி. பையன்கள் எதிர்ப்பார்கள் என்று நினைத்தேன். எதிர்ப்பு உள்ளேயிருந்து வந்திருக்கிறது. நாம் இப்படிக் கறார் பண்ணினால் வேறு சாப்டரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள், நம்மை யாரும் சீண்டமாட்டார்கள் என்று இரண்டாம் வருடப் பெண்கள் அழாத குறை. போன மீட்டிங்கில் பேசியவர்களில் முக்கால்வாசி எதிராம். "தோத்துடுவேன்னு நினைக்கிறேம்மா" என்றாள் போனில். அன்று ஒன்றே முக்காலுக்கு வந்த பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். அவள்தான் வழிமொழிந்தாளாம்.

வரும் ஞாயிறு ஓட்டு. முறுக்கு பார்சல் நேற்றே போட்டாயிற்று, இந்தத் தடவை இரண்டு டப்பா.