விகெலாண்ட் பூங்காவுக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

ஊரிலிருந்து பெற்றோரோ மாமா மாமியோ ஒஸ்லோவுக்கு வந்தால் எங்கே கூட்டிப்போவது என்ற பேச்சு எழும்போது, விகெலாண்ட் சிற்பப் பூங்காவின் பெயரைச் சொன்னவுடன் நம்மவரில் ஒருவராவது குரலைத் தாழ்த்தி, "அங்கே எல்லாம் உடுப்பில்லாத சிலைகள், வயதுபோன ஆக்களோடு போனால் கூச்சமாக இருக்கும்" என்று சொல்லிவிடுவார். இந்தக் கோடையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போய்வந்த பின், மூன்று தலைமுறையும் சேர்ந்து போவதற்கு இந்நகரில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றே நான் சொல்வேன்.

நோர்வேச் சிற்பி குஸ்தாவ் விகெலாண்ட் குடியிருந்து வேலை செய்த வீட்டை இடித்து அங்கே ஒரு நூலகம் கட்ட நகரசபை விரும்பியபோது, 1921-இல் இருதரப்பும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நகரசபை அவருக்குப் புதிய சிற்பக்கூடமும் வீடும் கட்டிக்கொடுக்கும். அவர் தம் படைப்புகள் அனைத்தையும் நகரத்துக்கே கொடுத்துவிடுவார். வெண்கலத்திலும் கருங்கல்லிலுமாக இன்று புல்வெளியில் நிற்கும் இருநூற்றுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் அந்த ஏற்பாட்டின் பலன். ஒவ்வொன்றையும் அவரே முழு அளவில் களிமண்ணில் வனைந்தார். கல்லில் வெட்டியவர்கள் வேறு கைவினைஞர்கள். நுழைவுக் கட்டணமும் இல்லை, வாயிலைப் பூட்டுவதும் இல்லை.

சிலைகளின் அருகே பெயர்ப்பலகைகளும் இல்லை. இது இன்னது என்று சொல்லித்தர எதுவும் இல்லாததால், பார்ப்பவரே பேச வேண்டியிருக்கிறது. அருங்காட்சியகங்களில் பலகையைப் படித்துவிட்டுச் சிலையை ஒரு கணம் மட்டும் பார்த்து நகர்கிற பழக்கம் இங்கே செல்லாது. பூங்காவின் பாலத்தில் இருபுறமும் நிற்கும் 58 வெண்கல உருவங்களில், கைகால்களில் குழந்தைகள் தொற்றிக்கொள்ள அவர்களோடு மல்லுக்கட்டும் ஓர் ஆணைக் கண்டதும், வீட்டில் இரவு நேரத்தில் அப்பா படும் பாடு என்று என் மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். காலை உதைத்து அழும் அந்தப் புகழ்பெற்ற சின்னப் பையனைச் சுற்றி வழக்கம்போலக் கூட்டம். உடல் முழுவதும் கருமை படிந்திருக்க, வருகிறவர்கள் எல்லோரும் பிடித்துப் பார்த்ததில் அவனுடைய இடக்கை மட்டும் தேய்ந்து பொன்னாய் மின்னுகிறது.

கூச்சம் பற்றிச் சொல்பவர்களுக்கு என் பதில் எளியது. தேர்ச் சிற்பங்களையும் கோபுரத்துச் சுதை உருவங்களையும் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு உடுப்பில்லாத சிலையைக் காட்டுவது பற்றி, அவர்களைவிட நாம்தான் அதிகம் கவலைப்படுகிறோம். மேலும் இங்குள்ள உடல்கள் கவர்ச்சிக்காகச் செதுக்கப்பட்டவை அல்ல. தளர்ந்த வயிறு, கூனிய முதுகு, ஒட்டி உலர்ந்த கன்னம் எல்லாம் உண்டு. உடை அணிவித்திருந்தால் அவர்கள் 1930-களின் நோர்வேஜியர்கள் ஆகியிருப்பார்கள். அது இல்லாததால் எந்த ஊர்க்காரர் முகத்தையும் அவற்றில் பொருத்திப் பார்க்க முடிகிறது.

ஒற்றைக் கல்லில் 121 உருவங்கள் பின்னிப் பிணைந்து ஏறும் பெருந்தூணைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். மூன்று கல்தச்சர்கள் 1929 முதல் 1943 வரை அதில் உழைத்தார்கள் என்பது மலைக்க வைக்கிறது. ஆனாலும் தனி மனிதர் ஒவ்வொருவரும் அந்த நெரிசலில் கரைந்துபோவதால் எனக்கு அது அவ்வளவாக ஒட்டுவதில்லை. (விகெலாண்டின் பிரம்மாண்டத்தில் நாத்சி மனப்பான்மையின் வாடை அடிக்கிறது என்று போருக்குப் பின் எழுதிய விமர்சகரும் உண்டு. தூணின் அடியில் நிற்கும்போது அந்த எரிச்சல் ஓரளவு புரிகிறது.) பூங்காவின் உயிர் அதைச் சுற்றிப் படிக்கட்டுகளில் அமர்ந்திருக்கும் 36 கருங்கற் குழுக்களில் இருக்கிறது. ஒரு தாய் நான்கு காலில் குதிரையாகி நிற்கிறாள். அவளுடைய பின்னலையே வாயில் கடிவாளமாகப் பூட்டி, முதுகில் இரண்டு பிள்ளைகள் சவாரி செய்கிறார்கள். அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நானும் உங்களை முதுகில ஏத்தினனான், ஆனால் பின்னலைக் கையில குடுக்கேல்லை" என்றார். பின்பு முதியவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டிருக்கும் குழுக்களின் பக்கம் தனியாகப் போய் அதிக நேரம் நின்றார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளோ அதற்குள் ஒரு கல் மனிதரின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன் ஏறியவர்களின் உரசலில் அந்தத் தோள் வழுவழுப்பாகிவிட்டிருந்தது.

அழும் பையனோடு ஒரு படம், தூணோடு ஒரு படம், அரைமணியில் பேருந்துக்குத் திரும்புதல் என்று உறவினர்களைக் கூட்டிச்செல்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 12-ஆம் இலக்க டிராமில் ஒரு வேலைநாளின் மாலையில் போங்கள். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பயணிகள் கூட்டமும் கலைந்திருக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் புல்லில் அமர்ந்து உண்ணலாம். முழங்கால் வலி உள்ளவர்களைத் தூணுக்கு ஏறும் படிகளில் இடையிடையே இருத்தி அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் பக்கத்திலேயே பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.