ரீசேர்ட்டில் தொடங்க வேண்டாம்

மலிவாகக் கிடைக்கும் பழைய உடுப்புகளை மாற்றித் தைப்பது பற்றிய கட்டுரை பயனுள்ளது. ஆனால் புதிதாகப் பழகுபவர்கள் ரீசேர்ட்டில் தொடங்கலாம் என்பதை ஏற்க முடியவில்லை. இங்கே மட்டக்களப்பில் பல வீடுகளில் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் கால்மெசின். அதில் ரீசேர்ட் போன்ற இழுபடும் துணியைத் தைத்தால், தலைவழியே போடும்போதே நூல் அறுந்துவிடும். அதற்கு முனை உருண்ட ஊசியும் இடமும் வலமுமாக மாறி மாறிப் போகும் சிக்சாக் தையலும் வேண்டும்.

ஆண்களின் பருத்திச் சேர்ட்டைச் சிறுமியின் சட்டையாக மாற்றுவதுதான் நல்ல தொடக்கம். பெரிய அளவாக எடுங்கள். கழுத்துப்பட்டியும் கமக்கட்டும் நைந்திருந்தால் பரவாயில்லை, அவை எப்படியும் வெட்டுப்படும். முதுகுப் பக்கம் நைந்திருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொத்தான் பட்டியைப் பின்பக்கம் வரும்படி வைத்து வெட்டினால், சிறுமியின் சட்டைக்குப் பொத்தான் துளை போடும் வேலையே இல்லை (அதைப் போல எரிச்சலூட்டும் வேலை தையலில் வேறில்லை). சுருக்கு வைக்கத் துணி போதாவிட்டால், பழைய மருதமுனைக் கைத்தறிச் சாரத்தில் நையாத பகுதியை இணைக்கலாம். இரண்டையும் தனித்தனியே துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள்; சாயம் போகுமா, துணி சுருங்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பொலியெஸ்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் பிள்ளை அதைப் பத்து நிமிடம்கூடப் போட்டிருக்காது.