பட்டுக்கோட்டை அழகிரி பேருந்து தஞ்சாவூர் பேருந்தா?

பழைய பேருந்துப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பக்கவாட்டில் 'பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்கிறது. 'இது தஞ்சாவூர் பக்கத்து வண்டி, நஷ்டத்தால் 1997-ல் மூடப்பட்ட கழகம். வேலூருக்குச் சொந்தமாக இருந்தது திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம்தான்' என்கிறது கூடவே வரும் செய்தி. மூன்றுமே தவறு.

அப்போது அரசுப் பேருந்துகளைப் பகுதிவாரியாகத் தனித்தனிக் கழகங்கள் ஓட்டின. பட்டுக்கோட்டை அழகிரி கழகத்தின் தலைமையகம் வேலூர். பட்டுக்கோட்டை அழகிரி என்ற அழகிரிசாமி சுயமரியாதை இயக்கத்தின் பெரும் பேச்சாளர். அவர் நினைவாக வைத்த பெயர் அது, வண்டி ஓடிய ஊரைக் குறிப்பதல்ல. தஞ்சாவூர் பக்கம் ஓடியது கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சோழன் போக்குவரத்துக் கழகம். படத்திலுள்ள நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே போதும்: டிஎன் 23 வேலூர், தஞ்சாவூருக்கு 49.

திருவள்ளுவர் எந்த ஒரு மாவட்டத்துக்கும் சொந்தமில்லை. சென்னையிலிருந்து மாநிலம் முழுக்க நெடுந்தூரம் ஓடிய விரைவுப் பேருந்துக் கழகம் அது. இன்றைய அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் அதன் தொடர்ச்சிதான்.

சரி, 1997-ல் என்ன நடந்தது? விருதுநகர் பக்கம் ஒரு கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதியும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவருமான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைத்தபோது சாதி மோதல் வெடித்தது. அதன்பின் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு நீக்கியது. எழுத்து மட்டும்தான் மாறியது. வண்டிகளும் ஊழியர்களும் அப்படியே அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் தொடர்ந்தார்கள். பிறகு வேலூர்ப் பகுதி விழுப்புரம் கோட்டத்தின் கீழ் வந்தது.

ஆம்பூர், குடியாத்தம் சாலைகளில் இத்தனை காலம் உழைத்த ஒரு கழகத்தை வேறு ஊருக்கு எழுதி வைப்பது மனதை உறுத்துகிறது. படத்தைப் பகிருங்கள், அந்தக் குறிப்பை நீக்கிவிட்டு.