மார்ஷல் சிலையின் பீடத்தில் இன்னும் இடம் இருக்கிறது

சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் அன்றைய இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷலுக்குச் சிலை வைக்க 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். சிந்துவெளி நாகரிகத்தை அவர் உலகுக்கு அறிவித்து நூறாண்டு ஆனதற்கான மரியாதை. வைக்கட்டும், வைக்க வேண்டிய சிலைதான். ஆனால் அந்தச் செய்தியைப் பகிர்ந்த பலர் "சிந்துவெளியைக் கண்டுபிடித்த மார்ஷல்" என்று எழுத, எதிர்த்தரப்பு "கண்டுபிடித்தது அவருக்குக் கீழே வேலை பார்த்த ராக்கால்தாஸ் பானர்ஜி, வெள்ளைக்காரர் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்" என்று மல்லுக்கு நின்றது. இரு தரப்புமே கண்டுபிடிப்பை ஓர் ஆள் ஒரு நாளில் செய்து முடிக்கிற காரியமாக நினைத்துக்கொள்கின்றன. தொல்லியலில் அப்படி நடப்பது அபூர்வம்.

முதலில், சிந்துவெளியின் இரண்டு பெருநகரங்கள் ஹரப்பாவும் மொகஞ்சதாரோவும். அவற்றில் ஹரப்பா மேடு யாருக்கும் தெரியாமல் கிடக்கவில்லை. ஊர்சுற்றி சார்லஸ் மேசன் 1829லேயே அதைப் பார்த்துக் குறிப்பெழுதினார். பின்னால் தொல்லியல் துறையின் முதல் தலைவரான அலெக்சாண்டர் கன்னிங்காம் 1850களில் இரண்டு முறை போனார், 1870களில் மறுபடியும் போனார். லாகூர்–முல்தான் ரயில் பாதைக்கு அந்த மேட்டுச் செங்கல்லை ஏறக்குறைய 100 மைல் நீளத்துக்குக் கொட்டியிருக்கிறார்கள் என்று பதிவு செய்தவரும் அவரே. அவர் கைக்கு ஒரு முத்திரையும் வந்தது. அதில் இருந்த காளைக்குத் திமில் இல்லை, எழுத்தும் அவருக்குத் தெரிந்த எந்த இந்திய எழுத்தும் இல்லை. ஆகவே இது வெளிநாட்டுச் சரக்கு என்று முடிவு கட்டினார். 1875இல் அந்த முத்திரையின் படம் அச்சில் வந்துவிட்டது. இன்று அதைப் பார்க்கிற பள்ளிப் பிள்ளைகூட "ஒற்றைக்கொம்பன்" என்று சொல்லிவிடும். பார்த்தவர் அவர், அறிந்தவர் அவரில்லை.

மொகஞ்சதாரோவில் நடந்த தவறு இன்னும் சுவையானது. 1911–12இல் தொல்லியல் துறை அதிகாரி தே. ரா. பண்டார்கர் அங்கே போய்விட்டு, இது இருநூறு வருஷத்துப் பழைய ஊர், செங்கல்லெல்லாம் புது மாதிரி, சுடுமண் சிற்பம் ஒன்றுகூட இல்லை என்று எழுதினார். இதற்காக அவரைக் கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. நான் செய்யமாட்டேன். அவர் கையில் இருந்த அளவுகோல் அது. வட இந்தியாவில் மௌரியர், குஷாணர் காலச் செங்கல் பெரியது, தட்டையானது, ஒரு கையால் தூக்கச் சிரமப்படுத்துவது. பிற்காலம் வரவர அளவு சிறுத்துக்கொண்டே வரும். அந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு 7 செ.மீ. கனம், 14 செ.மீ. அகலம், 28 செ.மீ. நீளம் என்று 1:2:4 விகிதத்தில் கைக்கடக்கமாக அடுக்கியிருக்கிற சுவரைப் பார்த்தால் யாருக்கும் முகலாயருக்குப் பிந்தையது என்றுதான் தோன்றும். அந்த வரிசைக்கு முன்னால், அதைவிட ஈராயிரம் ஆண்டு மூத்த இன்னொரு செங்கல் மரபு இருந்திருக்கும் என்று அன்று யாரிடமும் கருதுகோள்கூட இல்லை. ஆதாரம் கண்ணெதிரே இருந்தும் அதை வைக்க மனதில் அலமாரி இல்லாமல் போனால் இப்படித்தான் ஆகும்.

ராஜஸ்தானத்துக் காளிபங்கனும் சிந்துவெளி ஊர்தான். அங்கே இத்தாலியர் லூயிஜி பியோ தெஸ்ஸிதோரி 1917–18இலேயே முத்திரைகளை எடுத்தார். அவர் மொழியியல்காரர்; ராஜபுத்திரக் கதைப்பாடல்களைச் சேகரிக்க வந்தவர். அந்த முத்திரைகள் என்னவென்று உலகம் அறியும் முன்பே, 1919 நவம்பரில் 31 வயதில் பிக்கானேரில் இறந்துபோனார். இந்தக் கதையில் மிகக் குறைவாகப் பேசப்படுகிற பெயர் இதுதான்.

1921 ஜனவரியில் தொல்லியல் துறையின் தயாராம் சாஹ்னி ஹரப்பாவில் குழி வெட்டினார். முத்திரைகள் கிடைத்தன. ஆனாலும் ஊர் அதிரவில்லை. காரணம் சாதாரணமானது. செங்கல் கொள்ளையர்கள் மேட்டைக் கிளறிப் போட்டிருந்ததால் மேலடுக்கு கீழடுக்கு எல்லாம் கலந்து கிடந்தது. கலைந்த மண்ணில் கிடைத்த பொருளை வைத்துக் காலம் சொன்னால் எந்த அறிஞரும் ஏற்கமாட்டார். பொருள் எது என்பது பாதிச் சேதிதான். எதற்குக் கீழே, எதோடு சேர்ந்து கிடந்தது என்பது மீதி.

அந்த மீதியைக் கொடுத்தவர் பானர்ஜி. மொகஞ்சதாரோ மேட்டின் உச்சியில் இருப்பது குஷாணர் காலத்துப் பௌத்தத் தூபி. அங்கே போகிற யாரும் அதைப் பார்த்துவிட்டு "பௌத்தத் தலம்" என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடலாம். பானர்ஜியோ அங்கே ஒரு சிக்கிமுக்கிக் கல் கருவியைக் கண்டிருந்தார். 1922–23 பருவத்தில் தோண்டியபோது தூபியோடு நிற்காமல் கீழே போனார், ஹரப்பா வகை முத்திரைகளை எடுத்தார், இவை தூபியைவிட மிக மூத்தவை என்றும் ஹரப்பாவோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை என்றும் உணர்ந்தார். இடையில் சுமார் 640 கி.மீ. தூரம். ஒன்று லாகூரிலிருந்து நடந்த வேலை, மற்றது புனேயைத் தலைமையாகக் கொண்ட மேற்கு வட்டத்தின் வேலை (வட்டம் என்பது தொல்லியல் துறையின் நிர்வாகப் பிரிவு). இரண்டு வட்டங்களின் கண்காணிப்பாளர்கள் ஒருவர் எடுத்ததை மற்றவர் பார்க்க வாய்ப்பே குறைவு.

மார்ஷல் செய்த வேலை இங்கேதான் வருகிறது. 1924 கோடையில் சிம்லாவில் இரண்டு இடத்துப் பொருள்களையும் அருகருகே வைத்து ஒப்பிட வைத்தார். செப்டம்பர் 20 அன்று லண்டன் படப் பத்திரிகை ஒன்றில் படங்களோடு கட்டுரை எழுதினார். சாஹ்னி, பானர்ஜி இருவர் பெயரையும் அதில் சொன்னார் என்பதை "திருடிவிட்டார்" கட்சிக்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். காலத்தை அந்தக் கட்டுரை உறுதியாகச் சொல்லவில்லை. அடுத்த இதழிலேயே பழைய மெசபடோமியாவை ஆராயும் அசிரியவியல் அறிஞர் சேய்ஸ், ஈரானின் பழைய நகரமான சூசாவில் கிடைத்த பொருள்களோடு இவை ஒத்துப்போகின்றன என்று எழுதினார். அதற்கடுத்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் காட், சிட்னி ஸ்மித் இருவரும் சுமேரியத் தொடர்பைக் காட்டினார்கள். மெசபடோமியாவில் கிஷ் நகரை அகழ்ந்துகொண்டிருந்த எர்னஸ்ட் மெக்கே, தமக்கும் அதே மாதிரி முத்திரை கிடைத்ததென்று மார்ஷலுக்கு எழுதினார். ஆக, கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டு என்ற காலக்கணிப்பு சிந்து மண்ணில் பிறக்கவில்லை. அருங்காட்சியக மேசைகளில் பிறந்தது. இன்று நாம் பெருமையாகச் சொல்லும் "ஐயாயிரம் ஆண்டு" இவர்களும் சேர்ந்து கொடுத்தது.

ஆகவே என் கணக்கு இது: குழி வெட்டியதில் முதல் பெயர் சாஹ்னி. பழமையை உணர்ந்ததில் பானர்ஜி. இணைத்து அறிவித்ததில் மார்ஷல். காலம் சொன்னதில் சேய்ஸ், காட், ஸ்மித், மெக்கே. 1923–24இல் மொகஞ்சதாரோவில் வேலையைத் தொடர்ந்த மாதோ சரூப் வத்ஸ், அடுத்த பருவத்தில் கா. நா. தீட்சித் இருவரையும் விடக்கூடாது. கூடை சுமந்த கூலியாட்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. மொகஞ்சதாரோவுக்கு "இறந்தவர் மேடு" என்று பெயர் வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கு அது வெறும் மண்மேடு அல்ல என்று முன்பே தெரிந்திருக்கிறது.

மார்ஷல் மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு. அது அறிவிப்பைப் பற்றியதல்ல, அறிக்கையைப் பற்றியது. அகழாய்வில் மண்வெட்டி பிடித்தவருக்குப் பெயர் நிலைப்பது அறிக்கையால்தான். குழி ஒருமுறை வெட்டப்பட்டால் அழிந்துவிடும். திரும்ப வெட்டி யாரும் சரிபார்க்க முடியாது. எந்தக் குழி, எந்த ஆழம், எந்த அடுக்கு, எதனருகே, பதிவேட்டில் என்ன எண் என்பதெல்லாம் அச்சில் வராவிட்டால் அந்த வேலை நடக்காததற்குச் சமம். பானர்ஜி அறிக்கை எழுதிக் கொடுத்தார். அது அவர் உயிரோடு இருந்தவரை வெளிவரவில்லை. 1930இல் 45 வயதில் இறந்தார். 1931இல் மொகஞ்சதாரோ பற்றி மார்ஷல் பதிப்பித்த மூன்று பெரிய தொகுதிகள் வந்தன. தொன்மையைக் கண்ட பெருமை பானர்ஜிக்கே என்று அதில் மார்ஷல் நேர்மையாக எழுதியிருக்கிறார். நன்றியுரையில் ஒரு வரியும், சொந்தப் பெயரில் ஓர் அறிக்கையும் ஒன்றாகிவிடுமா? பானர்ஜியின் அறிக்கை 1984இல்தான் வாரணாசியில் நூலாக வந்தது.

அந்தப் பெரிய தொகுதிகளிலும் ஓட்டை இருந்தது. பொருள்களை அடுக்கு வாரியாகப் பிரிக்காமல், ஒரு நிலையான மட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம் என்று குறித்துக்கொண்டே போனார்கள். மேடு சரிவானது, பழங்காலத் தெருவும் வீட்டுத் தரையும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. பத்தடி ஆழத்தில் கிடைத்த இரண்டு பானைகளுக்கு நடுவே சில நூறு ஆண்டு இடைவெளி இருக்கலாம். பின்னால் துறைத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் இதைக் கடுமையாகவே சாடினார்.

அறிக்கையை வைத்து நடக்கும் இழுபறி நமக்கும் புதிதல்ல. கீழடியின் முதல் இரண்டு கட்டங்களை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். 2025 மே மாதம் இந்தியத் தொல்லியல் துறை அதைத் திருத்தித் தரச் சொன்னது. அவர் தம் முடிவில் நின்றார். அறிவியல் கேள்விகள் இருந்தால் எழுப்பலாம், அதற்கும் வழி முதலில் அச்சிடுவதுதான். அச்சான அறிக்கையைத்தான் எவரும் மறுக்க முடியும்.

எழும்பூர்ச் சிலைக்கு வருகிறேன். பீடத்துக்கு நான்கு பக்கம் உண்டு. ஒரு பக்கம் மார்ஷல் பெயர் போதும். மற்ற மூன்றில் சாஹ்னி, பானர்ஜி, வத்ஸ், தீட்சித், தெஸ்ஸிதோரி என்று வெட்டினால் கல்தச்சருக்கு இன்னும் இரண்டு நாள் கூலி ஆகும், அவ்வளவுதான். மொகஞ்சதாரோ வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: அகழ்ந்த பகுதிகளுக்கு டி.கே., வி.எஸ்., எச்.ஆர். என்று பெயர். தீட்சித், வத்ஸ், ஹார்கிரீவ்ஸ் ஆகியோரின் பெயரெழுத்துகள். பானர்ஜியின் பெயரெழுத்து அந்த வரைபடத்தில் எங்கும் இல்லை.